அருகி வழங்கும் கணிமொழிகள்

மக்கள் தம்முள் பேசுதற்கு அமைந்த மொழிகள் பல்லாயிரம். அம்மக்கள் கணிப்பொறியோடு பேசுதற்கு ஆக்கிக்கொண்ட மொழிகளும் பல நூறு ஆகும். முன்னவை காலப்போக்கில் தாமே தோன்றி வளர்ந்தவை. பின்னவையோ இன்னாரால் இன்ன ஆண்டில் ஆக்கப்பட்டன எனச் சுட்டிக் கூறத்தக்கவை. கணிப்பொறி தானாக எதனையும் எண்ணிச் செய்வதன்று. செய்ய வேண்டுவனவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி, அதற்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். நிரல் எழுதுதற்கு உரிய மொழி நிரல்மொழி எனப்படும். கணிமொழி என்று வழங்குதலும் உண்டு.

இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் பயிற்றப்படுவன பைத்தான், ஜாவா, சி முதலிய ஒரு சில மொழிகளே. ஏனைய மொழிகளின் பெயரையும் மாணவர் பலர் கேட்டறியார். பயிற்றப்படாமையால் அவை தாழ்ந்தவை என்று எவரும் முடிவு செய்தல் ஆகாது. தொழிற்கூடங்கள் எந்த மொழி வல்லாரை வேண்டுகின்றனவோ அந்த மொழியைக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. கல்லூரிகள் எந்த மொழியைக் கற்பிக்கின்றனவோ அந்த மொழி வல்லாரே தொழிற்கூடங்களுக்கு மிகுதியாகக் கிடைக்கின்றனர். இவ்வாறு ஒன்றை ஒன்று சார்ந்து சுழலும் சக்கரத்தினுள் புகமாட்டாத மொழி, சிறப்பு எத்துணை உடையதாயினும், ஒதுங்கியே நிற்கும். அம்மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் அலுவலகங்களில் இயங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுதினோர் முதுமையுற்று ஓய்வு பெறுவர். அவற்றைத் திருத்தவும் பெருக்கவும் வல்ல இளைஞர் கிடையார். கற்பாரின்றி ஒரு கணிமொழி மறையுமாறு இதுவே.

இந்நிலையை மாற்றுதற்கு அறிஞர் சிலர் கண்ட வழிகளுள் ஒன்று போட்டி நடத்துதல் ஆகும். இணையத்தின் வழியாக உலகின் எப்பகுதியில் உள்ளாரும் கலந்துகொள்ளத்தக்க போட்டிகள் அவை. அவற்றுள் ஏ.பி.எல். என்னும் மொழிக்கென நடத்தப்படும் போட்டி கருதத்தக்கது. அதன் பயனை உணர வேண்டுமாயின், முதற்கண் அம்மொழியின் வரலாற்றையும் இயல்பையும் அறிதல் வேண்டும்.

ஏ.பி.எல். மொழியை ஆக்கியவர் கென்னத் ஐவர்சன் என்னும் அறிஞர். அவர் 1920ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் உழவர் குடியில் பிறந்தார். ஒரே அறை கொண்ட சிற்றூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை பயின்றார். அது பொருளாதாரம் வீழ்ந்திருந்த காலம். வயலில் வேலை மிகுதி. மேலும் படித்தால் பள்ளி ஆசிரியராகலாம், அவ்வளவே என்று அவர் எண்ணினார்; ஆசிரியராக அவருக்கு விருப்பம் இல்லை. ஆகவே பள்ளியை விட்டு நின்றார். எனினும் கற்கும் வேட்கை அவரை விட்டிலது. அஞ்சல்வழி வானொலி நுட்பம் பயின்றார். நூல் ஒன்றை வைத்துக்கொண்டு நுண்கணிதத்தைத் தாமே கற்றார். இரண்டாம் உலகப்போரில் கனடா விமானப்படையில் பணிபுரிந்தபோது பள்ளிப் படிப்பின் எஞ்சிய பகுதியை அஞ்சல்வழியே தொடர்ந்தார். போர் முடிந்தபின், படைஞர்க்கு அரசு அளித்த உதவியைப் பெற்றுக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1950இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1954இல் முனைவரானார். ஆசிரியத் தொழிலை வேண்டா என்று பள்ளியை விட்டவர், அப்பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராக அமர்ந்தார்! அவருடைய மொழி பிறந்ததும் வகுப்பறைத் தேவையிலிருந்துதான்.

தரவுகளைப் பொறி கொண்டு கையாளும் முறையை அவர் மாணவர்க்கு விளக்க முற்பட்டபோது, வழக்கிலிருந்த கணிதக் குறியீடுகள் அதற்குப் போதா எனக் கண்டார். கணிதக் குறியீடுகள் ஒரு நெறிப்பட்டவை அல்ல. கூட்டற்குறி இரண்டு எண்களுக்கு இடையே நிற்கிறது. அடுக்கு எனப்படும் படிக்கோ தனிக்குறியே இல்லை. எண்ணைச் சிறிதாக்கி மேலே எழுதுகிறோம். தொடர்பெருக்கத்தைக் குறிக்கும் வியப்புக்குறி எண்ணுக்குப் பின் நிற்கிறது. தனிமதிப்பைக் குறிக்கும் கோடுகள் எண்ணின் இருபுறமும் நிற்கின்றன. வரிசையைக் கூட்டுதற்கு ஒரு பெருங்குறி. பெருக்குதற்கு வேறொரு பெருங்குறி. பழக்கத்தால் இவை நமக்கு இடர் தருவதில்லை. ஆயினும் புதிதாகக் கற்பானுக்கும், ஒன்றும் அறியாப் பொறிக்கும் இவை முரண்பட்டனவே. ஐவர்சன் இவற்றையெல்லாம் ஒரு நெறியில் அடக்க முயன்றார். 1957 முதல் வளர்ந்த அக்குறியீட்டு முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தபின், 1962இல் நூலாக வெளியிட்டார். 'ஒரு நிரல்மொழி' எனப் பொருள்படும் அந்நூற்பெயரின் ஆங்கிலச் சொற்களுக்குரிய முதலெழுத்துகளே ஏ.பி.எல். என்பன.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. பிற கணிமொழிகள் பொறியை இயக்குதற்கென்றே ஆக்கப்பட்டன. இதுவோ முதலில் தாளிலும் கரும்பலகையிலும் மனிதர் மனிதர்க்கு விளக்கும் மொழியாகவே இருந்தது. 1964இல் ஐவர்சனும் அவர்தம் தோழர்களும் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் பொறி ஒன்றன் அமைப்பு முழுவதையும் இக்குறியீட்டாலேயே எழுதி விளக்கினர். பொறி இம்மொழியை நேரே ஏற்று இயங்கும் நிலை அதன் பின்னரே, 1966ஆம் ஆண்டளவில் நிறைவாக அமைந்தது.

இனி, மொழியின் இயல்பைக் காண்போம். ஏ.பி.எல். மொழியில் ஓர் எண்ணும் எண்களின் வரிசையும் ஒருதன்மையனவாகவே கருதப்படும். 40 55 62 என்று இடைவெளி விட்டு எழுதினால் அஃது ஒரு வரிசை. 40 55 62 + 5 என்று எழுதினால், ஒவ்வோர் எண்ணொடும் ஐந்து கூடி, 45 60 67 என விடை வரும். 2 3 5 + 10 20 30 என்று எழுதினால், நிரலே ஒன்றோடொன்று கூடி, 12 23 35 என வரும். பிற மொழிகள் பலவற்றில், 'முதல் எண்ணை எடு, கூட்டு, அடுத்த எண்ணுக்குச் செல், எண்கள் தீரும்வரை இவ்வாறே செய்' எனச் சுழற்சிக் கட்டளை எழுத வேண்டும். இங்கு அச்சுழற்சி குறியினுள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஒரு குறியை அடுத்துச் சாய்கோடு இட்டால், அக்குறி வரிசையின் ஒவ்வோர் இடைவெளியிலும் புகுந்ததாகப் பொருள்படும். +/ 3 1 4 1 5 என்பதன் விடை 14. ×/ 1 2 3 4 5 என்பதன் விடை 120. கூட்டுதற்கு ஒரு பெருங்குறி, பெருக்குதற்கு வேறொரு பெருங்குறி என்னும் நிலை போய், எந்தக் குறிக்கும் பொருந்தும் ஒரே விதி அமைந்தது காண்க. கிரேக்க எழுத்தாகிய அயோட்டாவை ஓர் எண்ணின்முன் எழுதினால், ஒன்று முதல் அவ்வெண்வரை உள்ள எண்கள் வரிசையாக வரும். ஆகவே கூட்டற்குறி, சாய்கோடு, அயோட்டா, நூறு ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிய அளவில் 5050 என்னும் விடை கிடைத்துவிடும்.

ஒப்பிடும் குறிகளும் இவ்வாறே வரிசைமீது செல்வன. உண்மையாயின் 1, இன்மையாயின் 0 என அவை விடை தரும். நான்கு மாணவர் பெற்ற மதிப்பெண்கள் 28 40 35 61 எனக் கொள்க. தேர்ச்சிக்கு உரிய மதிப்பெண் 35. 35 ≤ 28 40 35 61 என்று எழுதினால் 0 1 1 1 என விடை வரும். அதன்முன் +/ சேர்த்தால் 3 என வரும்; தேறினோர் மூவர் என்பது விளங்கும். 'தேறினோர் எத்துணைவர்?' என்னும் வினா, 'ஆம், இல்லை என்னும் விடைகளைக் கூட்டுக' என்னும் கணக்காக மாறிவிட்டது. இம்மாற்றமே இம்மொழி தரும் பயிற்சி.

இம்மொழியில் மற்றொரு புதுமை, வலமிருந்து இடமாகக் கணக்கிடுதல். 2×3+4 என்பதற்கு நாம் 10 என்போம். பெருக்கலை முன்னும் கூட்டலைப் பின்னும் செய்க என்று பள்ளியில் கற்றுள்ளோம். ஏ.பி.எல். விடையோ 14. வலப்புறத்துள்ள 3+4 முதலில் 7 ஆகும். பின்னர் இரண்டால் பெருக்கப்படும். இது முறையோ எனச் சிலர் வினவலாம். குறிகள் நான்கே ஆயின், முன் பின் வகுத்து நினைவிற் கொள்ளுதல் எளிது. பல பத்துக் குறிகள் உள்ள மொழியில் ஒவ்வொன்றற்கும் முதன்மை வகுத்தால் எவர் நினைவில் நிற்கும்? ஆதலின் எல்லாக் குறிக்கும் ஒரே விதியை ஐவர்சன் வகுத்தார். இவ்விதியால் எதிர்பாராத நன்மையும் உண்டு. கழித்தற்குறியோடு சாய்கோடு இட்டு, −/ 9 4 3 1 என எழுதுக. வலமிருந்து தொடங்கினால் 3−1 இரண்டு, 4−2 இரண்டு, 9−2 ஏழு. இவ்வேழு 9−4+3−1 என்பதன் விடையே ஆகும். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடர், வேறு முயற்சியின்றித் தானே கிடைத்துவிடுகிறது.

இத்தகைய சுருக்கம் அறிஞரிடையே பெரும் புகழையும் கடுமையான வசையையும் ஒருங்கே பெற்றது. கணிப்பொறி இயலின் உயர்ந்த பரிசாகிய டூரிங் விருதை 1966இல் முதன்முதல் பெற்றவர் ஆலன் பெர்லிசு. அவர் ஏ.பி.எல். மொழியைப் போற்றி 1977இல் கட்டுரை ஒன்று எழுதினார். இசைப்பாட்டுப் போன்ற நிரல்களுக்கு உரிய மொழி என்று அதன் தலைப்பிலேயே குறித்தார். 1972இல் அவ்விருதைப் பெற்ற டைக்ஸ்ட்ராவோ, 1975இல் எழுதிய குறிப்பு ஒன்றில், இம்மொழியைப் பிழையென்றே இகழ்ந்து, இளைய நிரலரை இது கெடுக்கும் எனச் சாடினார். ஒரே விருதைப் பெற்ற இருவர் ஒரே மொழியைப் பற்றி இவ்வாறு மாறுபட்டனர். ஐவர்சனுக்கும் அவ்விருது 1979இல் கிடைத்தது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஏ.பி.எல். நிரலின் ஒரு வரி, நூற்பாவைப் போன்றது. எழுதியவனுக்கு அது தெளிவு. பயின்றவனுக்கு அது இன்பம். பயிலாதவனுக்கு உரையின்றி விளங்காது. சுருக்கத்தை விரும்பிப் பொருளை மறைப்பவன் நூற்பா யாப்போன் அல்லன். விடுகதை போடுபவனே ஆவான். அத்தகையோர் இம்மொழியில் இருந்தனர் என்பதும் மறுக்கலாகாது. எனினும் சிலர் செய்த குற்றத்தை மொழியின்மேல் ஏற்றுதல் நேரிதன்று.

மொழி அருகியதற்குக் காரணம் இவ்வசை மட்டுமன்று. குறிகளே பெருந்தடையாயின. 1960களில் ஐ.பி.எம். தட்டச்சுப்பொறிகளில் எழுத்துகள் ஓர் உருண்டையின்மேல் பொறிக்கப்பட்டிருந்தன. உருண்டையை மாற்றினால் எழுத்துகளும் மாறும். ஆதலின் ஏ.பி.எல். குறிகளுக்கெனத் தனி உருண்டை செய்தல் எளிதாயிற்று. அதில் 88 குறிகளுக்கே இடம் இருந்தமையால், ஒரு குறியின்மேல் மற்றொன்றைத் தட்டிப் புதுக்குறி அமைத்தனர். பின்னர்ச் சிறு கணிப்பொறிகளும் திரைகளும் வந்தன. அவை ஆஸ்கி என்னும் பொதுக் குறிமுறையைத் தழுவின. அதில் அச்சிடத்தக்க குறிகள் 95 மட்டுமே. ஐவர்சனின் சிறப்புக்குறிகளுக்கு அவற்றுள் இடமில்லை. விசைப்பலகையில் இல்லாத எழுத்தால் ஒரு மொழியை எங்ஙனம் எழுதுவது? ஐவர்சனே 1990இல் ரோஜர் ஹூயி என்பாரோடு சேர்ந்து, விசைப்பலகையில் உள்ள பொதுக்குறிகளாலேயே எழுதத்தக்க 'ஜே' என்னும் மொழியை ஆக்கினார். 2004இல் தம் 83ஆம் வயதில் மறையும்வரை அதனோடே உழைத்தார். அவர் குறிகள் மட்டும் மறைந்தொழியவில்லை. உலகின் எழுத்துகளையெல்லாம் அடக்க முற்பட்ட யுனிகோடு முறையில் அவற்றுக்கும் இடம் கிடைத்தது. தமிழ் எழுத்து எந்தத் திரையிலும் தோன்றுதற்கு எம்முறை துணையாயிற்றோ, அம்முறையே ஏ.பி.எல். குறிகளுக்கும் துணையாயிற்று.

ஆனால் குறிகள் மீண்டபோது கற்பார் கூட்டம் குறைந்திருந்தது. நிதித்துறையிலும் காப்பீட்டுத்துறையிலும் பழைய ஏ.பி.எல். நிரல்கள் இயங்கின, புதிய நிரலர் அரியராயினர். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள பிராம்லி என்னும் ஊரிலிருந்து, டயலாக் என்னும் நிறுவனம் இம்மொழியின் ஒரு வடிவத்தை வெளியிட்டு வருகிறது. அந்நிறுவனம் 2009இல் மாணவரைக் கருதிப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பின்னர் மாணவரல்லாரும் அதிற் சேர்ந்தனர். போட்டி இரு நிலைகளாக அமைந்தது. முதல் நிலையில் சிறு கணக்குகள் பத்து. ஒவ்வொன்றற்கும் ஒரே வரியில் விடை எழுதல் வேண்டும். இரண்டாம் நிலையில், வெவ்வேறு துறைகளைச் சார்ந்த பெரிய கணக்குகள் தரப்பட்டன. வென்றோர்க்குப் பணப்பரிசும், அம்மொழி வல்லார் கூடும் ஆண்டுக்கூட்டத்திற்கு அழைப்பும் உண்டு. நிறுவனத்திற்குத் தன்னலம் இதில் இல்லாமல் இல்லை. தன் மொழி நிலைத்தால்தான் தன் வாணிகம் நிலைக்கும். ஆயினும் வாணிக நலமும் கற்பார் நலமும் ஒரு வழியிற் செல்லும் இடங்களுள் இஃது ஒன்று.

இப்போட்டியில் விடை சரியாக வருதல் மட்டும் போதுமானதன்று. மொழியின் இயல்போடு ஒட்டிய நடையில், வரிசைகளை முழுமையாகக் கையாண்டு, விடை எழுதப்பட்டுள்ளதா என்பதும் நோக்கப்பட்டது. இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

உயிரணுக்களில் உள்ள மரபிழை ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு குறிகளால் எழுதப்படும். ஏ டி டி ஜி ஏ ஏ சி என ஓர் இழைத்துண்டு தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு குறியும் எத்துணை முறை வந்துள்ளது என்பது கணக்கு. பைத்தான் பயின்ற மாணவன் என் செய்வான்? நான்கு எண்ணிகளைச் சுழியத்தில் நிறுத்துவான். இழையின் முதற்குறியிலிருந்து கடைசிக்குறிவரை நடந்து, கண்ட குறிக்குரிய எண்ணியை ஒன்று கூட்டிக்கொண்டே போவான். நடப்பவனின் எண்ணம் அது. ஏ.பி.எல். பயின்றவன் நடப்பதில்லை, மேலிருந்து காண்கிறான். நான்கு குறிகளை மேலிருந்து கீழாக நிறுத்துகிறான்; இழையை இடமிருந்து வலமாகக் கிடத்துகிறான்; ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடு ஒக்குமா என வினவுகிறான். நான்கு வரியும் ஏழு நிரையும் உள்ள அட்டவணை ஒன்று ஒரே நேரத்தில் எழுகிறது. ஏ என்னும் வரியில் 1 0 0 0 1 1 0. சி என்னும் வரியில் 0 0 0 0 0 0 1. ஜி என்னும் வரியில் 0 0 0 1 0 0 0. டி என்னும் வரியில் 0 1 1 0 0 0 0. வரிகளைத் தனித்தனியே கூட்டினால் 3 1 1 2 என விடை. அட்டவணை எழுப்புதற்கு மூன்று குறிகள், கூட்டுதற்கு இரண்டு. தேர்ச்சி பெற்றோரை எண்ணிய அதே கருத்து, இங்கு வரிசையிலிருந்து அட்டவணைக்கு உயர்ந்தமை காண்க.

முதலிற் கூறிய நடையையும் ஏ.பி.எல். மொழியில் எழுத இயலும். விடையும் சரியாகவே வரும். எழுதுபவன் மட்டும் ஏ.பி.எல். கற்றவனாகான், தான் முன்பு கற்ற மொழியையே புதிய குறிகளால் எழுதியவனாவான். ஆங்கிலத்தில் எண்ணித் தமிழ்ச்சொற்களைப் பெய்து எழுதுவோரின் வாக்கியம் எங்ஙனம் தமிழாகாதோ, அங்ஙனமே இதுவும். நடையையும் நோக்கி மதிப்பெண் இட்டவர் இதனை நன்கு உணர்ந்தவராவர்.

எனினும் இப்போட்டியில் ஒரு குறை இருந்தது. மொழியை ஓரளவு அறிந்தவனே முதற் கணக்கைத் தொட முடியும். அறியாதவன் வாயிலிலேயே நின்றுவிடுவான். 2024 முதல் போட்டியின் வடிவம் மாற்றப்பட்டது. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். சுற்றொன்றுக்குப் பத்து வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் வேண்டிய குறிகளை அவ்வினாவே அறிமுகம் செய்துவிடும். முன்னறிவு சிறிதும் வேண்டா. வினாத்தாளே பாடநூலாகவும் அமைந்த இம்முறை, முந்தியதினும் சிறந்ததாகும்; வல்லாரைத் தேர்தலை விடுத்து, அல்லாரை ஆக்குதலை இது மேற்கொண்டது. கணிப்பொறியில் எதனையும் நிறுவாமலே இணையத்தில் குறிகளை அழுத்தி இயக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு.

ஒரு மொழிக்கென நடத்தப்படும் போட்டி இவ்வாறாக, எம்மொழியையும் ஏற்று, வென்றவரின் மொழிக்குப் புகழைப் பரிசாக வழங்கும் போட்டியும் ஒன்று உண்டு. சார்புநெறி நிரலாக்கம் பற்றிய பன்னாட்டு மாநாட்டினர் அதனை 1998 முதல் நடத்தி வருகின்றனர். போட்டிக் காலம் 72 மணி. வென்ற குழுவினர் எம்மொழியில் நிரல் எழுதினரோ, அம்மொழியே நுண்ணறிவுடைய நிரலர் விரும்பித் தேரும் மொழி என்று மாநாட்டில் அறிவிக்கப்படும். இரண்டாம் பரிசு பெற்ற மொழி பல பணிகளுக்கும் நன்கு பயன்படும் என்றும், மூன்றாம் பரிசு பெற்றது அவ்வளவு மோசமன்று என்றும் நகைச்சுவையோடு பறைசாற்றுவர். முதலாண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த சில்க் என்னும் மொழி அப்புகழைப் பெற்றது. 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டு ஓகேமல் வென்றது. 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் ஹாஸ்கெல் வென்றது. இடையே 2003இல் வென்றது, மாநாட்டினர் போற்றும் நெறிக்குப் புறம்பான சி++ மொழி. தம் வாயாலேயே மாற்றாரின் மொழியைப் புகழ்ந்து அறிவிக்கும் நிலை அவர்க்கு நேர்ந்தது, அறிவித்தும் விட்டனர். நடுவுநிலை என்பது இதுவன்றோ!

அப்போட்டியின் 2006ஆம் ஆண்டு வினா இன்றும் பேசப்படுவது. அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தார் அதனை அமைத்தனர். அழிந்துபோன பழங்கூட்டத்தார் ஒருவரின் ஏடு கிடைத்துள்ளதாகக் கதை புனைந்தனர். மணற்கல் தட்டுகளில் 32 கீற்றுகள் எழுதி இயங்கும் பொறி ஒன்று அவ்வேட்டில் கூறப்பட்டிருந்தது. அதற்கு எட்டுப் பதிவிடங்கள், பதினான்கு செயல்கள். போட்டியாளர் தத்தம் மொழியில் அப்பொறியை முதலில் நிரலாக எழுப்பினர். பின்னர்த் தரப்பட்ட நெடிய எண்தொடரை அதனுள் இட்டபோது, உள்ளே ஒரு முழு இயக்கத்தளமே விழித்தெழுந்தது. அதனுள் அதுகாறும் உலகில் எவரும் அறியாத கணிமொழிகள் இருந்தன. ஒன்றில் எண்களை ரோமானிய எண்களாகவே எழுத வேண்டும். மற்றொன்றில் நிரலை வரிவரியாக எழுதாமல், பெட்டிகளும் கோடுகளுமாகப் படம்போல் வரைய வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் அவற்றைக் கற்று, அவற்றிலேயே கணக்குகளுக்கு விடை காண வேண்டும். எத்துணை மொழிகளை முன்பு அறிந்தவன் என்பது அங்கு வினாவன்று. புதிய மொழியை எத்துணை விரைவில் தன்வயமாக்குவான் என்பதே வினா.

இத்துணைக் கடுமை எல்லார்க்கும் ஏலாது. கேத்ரீனா ஓவன் என்பார் 2013இல் தோற்றுவித்த எக்சர்சிசம் என்னும் பயிற்சிக் கழகம், 2023இல் மென்மையான அறைகூவல் ஒன்றை விடுத்தது. ஆண்டுக்குள் பன்னிரண்டு மொழிகளில், மொழிக்கு ஐந்து பயிற்சிகளை முடிக்க வேண்டும் என்பது அது. திங்கள்தோறும் ஒருவகை மொழிகள் முன்வைக்கப்பட்டன. சூலைத் திங்கள் பழைய மொழிகளுக்கு உரியதாயிற்று. அங்கு ஒருவரை ஒருவர் வெல்லுதல் இல்லை.

எரிக் வாஸ்டல் என்பார் 2015 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியிடும் புதிர்த்தொடரும் அருகிய மொழிகளைப் பயில்வார்க்கு உதவுகிறது. விடையாகிய எண் மட்டுமே கேட்கப்படுதலின், எம்மொழியிலும் நிரல் எழுதலாம். 2024வரை ஆண்டுக்கு 25 நாள் புதிர்கள் வந்தன. 2025இல் பன்னிரண்டு நாளாகச் சுருங்கின. அதில் முதலில் விடை கண்ட நூறு பேரின் பட்டியல் நாள்தோறும் வெளியிடப்பட்டு வந்தது. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பெருகியபின் வினாவை அப்பொறியிடம் இட்டு நொடிகளில் விடை பெறுதல் இயல்வதாயிற்று. அங்ஙனம் செய்ய வேண்டா என வாஸ்டல் கேட்டுக்கொண்டார். 2025இல் அப்பட்டியலையே நீக்கிவிட்டார். விரைவைக் கருதி வந்தவர்க்கு அஃது இழப்பாக இருக்கலாம். ஏ.பி.எல். மொழியிலோ ஹாஸ்கெல் மொழியிலோ ஒரு புதிரோடு மாலை முழுவதும் மல்லாடுபவர்க்கு அப்பட்டியல் முன்பும் பயன்பட்டதில்லை. அவர் விடை கண்டபின், அதே புதிருக்குப் பிறர் எழுதிய வரிகளை எடுத்துப் பார்க்கிறார். தம்முடைய பத்து வரியை வேறொருவர் ஒரு வரியில் முடித்திருக்கக் கண்டு, அது யாங்ஙனம் இயலும் என்று வலமிருந்து இடமாக, ஒவ்வொரு குறியாகப் படிக்கத் தொடங்குகிறார்.